இங்க் டேங்க் பிரிண்டர்: ட்யூப்களைப் பராமரிப்பது எப்படி?

தென்காசியில் இருக்கும் என் அக்கா வீட்டிலேயே டியூஷன் எடுக்கிறார். கொஸ்டின் பேப்பர் அடிக்க வசதியாக இருக்குமே என்று கம்ப்யூட்டர் வாங்கியபோது ஓர் இங்க் டேங்க் பிரிண்டரையும் சேர்த்து வாங்கினார். ஏப்ரல் கடைசியில் டியூஷன் முடிந்ததும் பிரிண்டரைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார். ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை எனக்கு போன் வந்தது.

"தம்பி, நாளைக்குக் காலையில 40 பிள்ளைகளுக்கு டெஸ்ட். பேப்பர் எல்லாம் கோடு கோடா வருது. பாதி எழுத்தையே காணோம்டா."

சென்னையில் உட்கார்ந்துகொண்டு நான் சொன்ன யோசனை இதுதான்: "ஹெட் க்ளீனிங்னு ஒண்ணு இருக்கும்க்கா. சரியா வர்ற வரைக்கும் அதையே திரும்பத் திரும்பக் கொடுங்க." சாப்ட்வேர் எஞ்சினியர் தம்பி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவரும் ஒன்பது முறை கொடுத்திருக்கிறார். முடிவில் கறுப்பு அடியோடு நின்றுவிட்டது. இரவோடு இரவாகக் கையால் எழுதி, காலையில் ஜெராக்ஸ் கடையில் பிரதி எடுத்துத்தான் டெஸ்ட் நடந்தது. பிரிண்டரைக் கெடுத்தது இரண்டு மாத ஓய்வு மட்டுமல்ல, என் யோசனையும்தான் என்பது அடுத்த வாரம் ஊருக்குப் போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உங்களுக்கும் இப்படி நேராமல் இருக்க, இந்த பிரிண்டருக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

பழைய வகை இங்க்ஜெட் பிரிண்டர்களில் மை ஒரு சின்ன கேட்ரிட்ஜில் இருக்கும். அது தீர்ந்தால் கழற்றிவிட்டு வேறு போட வேண்டும், செலவு அதிகம். அதனால் நம் ஊர்க் கடைகளிலேயே பாட்டிலும் ட்யூபும் வைத்து பிரிண்டரை மாற்றிக் கொடுத்தார்கள். கம்பெனியிலேயே டேங்க் பொருத்தப்பட்ட பிரிண்டரை எப்சன் நிறுவனம் 2010ஆம் ஆண்டு இந்தோனேசியாவில் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இப்போது கேனன், எச்.பி. நிறுவனங்களும் தருகின்றன.

இவற்றில் மை, டேங்கிலிருந்து நிறத்திற்கு ஒன்றாக மெல்லிய ட்யூப்கள் வழியே பிரிண்ட் ஹெட்டுக்குப் போகிறது. ஹெட்டின் அடியில் தலைமுடியை விட மெல்லிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. இவற்றை நாஸில் என்பார்கள். இங்கே இரண்டு கோளாறுகள் வரும். ஒன்று, நாஸிலில் மை காய்ந்து அடைத்துக்கொள்வது. மற்றொன்று, ட்யூபுக்குள் காற்று புகுந்துவிடுவது. பேப்பரில் இரண்டும் வெள்ளைக் கோடாகத்தான் தெரியும். ஆனால் செய்ய வேண்டிய காரியம் வேறு.

ஹெட் க்ளீனிங் கொடுக்கும்போது பிரிண்டர் தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை. நாஸில் வழியாக மையையே பலமாக உறிஞ்சி வெளியேற்றுகிறது. அதாவது ஒவ்வொரு முறையும் உங்கள் டேங்க் மைதான் குறைகிறது. அக்கா வீட்டில் கறுப்பு மை ஏற்கெனவே அடியில் இருந்தது. ஒன்பது முறை உறிஞ்சியதில் டேங்கின் கீழ்க் கோட்டுக்கும் கீழே இறங்கி, மைக்குப் பதில் காற்று ட்யூபுக்குள் ஏறிவிட்டது. மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். கறுப்பு ட்யூபில் நடுநடுவே வெற்றிடம். அடைப்பாக இருந்ததை நான் காற்றாகவும் மாற்றிவிட்டிருந்தேன்!

ட்யூபைக் கழற்றி ஊசியால் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாமா என்று எனக்கும் கை துறுதுறுத்தது. ஆபீஸ் வேலையாக அமெரிக்காவில் ஆறு மாதம் இருந்தபோது, வீட்டுக்காரர் கராஜில் பீர் குழாய் வைத்திருந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதன் ட்யூபில் காரக் கரைசலை ஓடவிட்டுக் கழுவுவார். அந்த நாட்டு ப்ரூவர்ஸ் அசோசியேஷன் சொல்லும் இடைவெளியும் 14 நாட்கள்தான். பீரில் ஈஸ்டும் பாக்டீரியாவும் ட்யூபுக்குள் வளர்ந்து படியும்; அதனால் கழுவியே ஆகவேண்டும். பிரிண்டர் ட்யூபுக்கு அது பொருந்தாது. ஊசியின் அழுத்தத்தில் இணைப்புகள் விட்டுப்போகலாம். போர் தண்ணீரில் உள்ள உப்பு நாஸிலிலேயே படியும். மை ஓடிக்கொண்டே இருந்தால் அதுதான் ட்யூபுக்குச் சுத்தம்.

எனவே நான் செய்தது இவ்வளவுதான். முதலில் அந்த பிரிண்டருக்குரிய மையையே வாங்கி டேங்கை நிரப்பினேன். (விலை குறைவு என்று வேறு மாடல் மையை ஊற்றாதீர்கள். இரண்டு வகை மை சேர்ந்து ட்யூபிலேயே திரிந்துபோகலாம்.) பிறகு நாஸில் செக். விண்டோஸில் செட்டிங்ஸ் திறந்து, பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ் பகுதியில் உங்கள் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்து, பிரிண்டிங் பிரிபரன்சஸ் க்ளிக் செய்யுங்கள். பெரும்பாலான மாடல்களில் அங்கே மெயின்டனன்ஸ் என்ற டேப் இருக்கும். நாஸில் செக் மிகக் கொஞ்சம் மையில் ஒரு கட்டம் அச்சிட்டு எந்த நிறத்தில் இடைவெளி என்று காட்டும். அதைப் பார்க்காமல் க்ளீனிங் கொடுக்கவே கூடாது.

இடைவெளி இருந்தால் ஒரு க்ளீனிங், மறுபடி நாஸில் செக். இப்படி மூன்று முறை. அதற்கு மேலும் சரியாகாவிட்டால் பிரிண்டரை அணைத்துவிட்டுச் சும்மா இருங்கள். அக்காவின் பிரிண்டர் கையேட்டில் 12 மணி நேரம் காத்திருக்கச் சொல்லியிருக்கிறது. அந்த நேரத்தில் புது மையின் ஈரத்தில் காய்ந்த மை இளகும். அவசரக்காரர்களுக்கு இதுதான் கஷ்டமான வேலை. எனக்கும்தான்.

ட்யூபில் காற்று இருந்தால் சாதாரண க்ளீனிங் போதாது. பவர் க்ளீனிங் என்று ஒன்று இருக்கிறது. சில கம்பெனிகள் வேறு பெயர் வைத்திருக்கின்றன. அது ட்யூபில் உள்ள மை முழுவதையும் இழுத்து மாற்றும். டேங்கில் மூன்றில் ஒரு பங்காவது மை இருந்தால்தான் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் காற்றுதான் ஏறும்.

மறுநாள் காலை பவர் க்ளீனிங் ஒரே ஒருமுறை கொடுத்தேன். கறுப்பு வந்துவிட்டது. ஆனால் கூடவே ஓர் எச்சரிக்கையும் வந்தது. வெளியேற்றிய மையெல்லாம் எங்கே போகும்? பிரிண்டரின் அடியில் உள்ள பஞ்சு போன்ற பட்டையில்தான். அது நிறைய வேண்டிய அளவை பிரிண்டர் கணக்கு வைத்திருக்கும். கணக்கு முடிந்தால் அச்சிட மறுத்துவிடும். சில மாடல்களில் இதை நாமே மாற்றலாம். அக்காவுடையதில் சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். அதிகம் அச்சிடாத பிரிண்டருக்கு இவ்வளவு சீக்கிரம் அந்த நிலை வந்ததற்கு நான்தான் பொறுப்பு. பில்லை நான்தான் கட்டினேன்.

இப்போது அக்கா வாரம் ஒருமுறை கலர்ப் பக்கம் ஒன்று அச்சிடுகிறார். கறுப்பு எழுத்து மட்டும் அடித்தால் மற்ற மூன்று ட்யூப்களும் தூங்கிக்கொண்டிருக்கும் அல்லவா? சின்னப் பிள்ளைகளுக்குப் பழங்கள், பறவைகள் படம் அடித்துக் கொடுக்கிறார். வேலை முடிந்ததும் பிரிண்டரின் பவர் பட்டனை அழுத்தி, விளக்கு அணைந்த பிறகே சுவரில் உள்ள சுவிட்சை அணைக்கிறார். பட்டனில் அணைத்தால்தான் ஹெட் ஓரத்தில் போய் ரப்பர் மூடியில் உட்காரும். நேரே சுவரில் அணைத்தால் நாஸில் திறந்தபடி நின்று காய்ந்துவிடும்.

மூடியைத் திறந்து துடைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹெட் ஓடும் பாதையில் கண்ணாடி போல ஒரு மெல்லிய பட்டை நீளமாக இருக்கும். ஹெட் எங்கே இருக்கிறது என்று பிரிண்டர் அறிவது அதை வைத்துத்தான். அழுக்கு என்று நினைத்து அதையோ, ட்யூப்களையோ இழுத்துவிடாதீர்கள்.