ஐந்தங்குல பிளேடு செய்யும் ஜாலம் தெரியுமா?

வழக்கமான ரம்பத்தில் மரம் அசையாமல் கிடக்கும், கைதான் ரம்பத்தை இழுக்கும். ஸ்க்ரோல் சாவில் எல்லாமே தலைகீழ், தெரியுமா? பிளேடு ஒரே இடத்தில் நின்றபடி மேலும் கீழும் ஓடும். தையல் மெஷினில் துணியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி, பலகையைத்தான் இரண்டு கையாலும் திருப்பித் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஐந்து அங்குல நீளம், சுமார் ஒரு மில்லிமீட்டர் அகலம், அரை மில்லிமீட்டர்கூட வராத தடிமன்: 5-ஆம் நம்பர் பிளேடின் ஜாதகம் இவ்வளவுதான்! ஆனால் பல மெஷின்களில் அது நிமிடத்துக்கு 1,750 தடவை வரை மேலும் கீழும் போய் வரும். நொடிக்கு 29 தடவை! பிளேடு இவ்வளவு ஒல்லி என்பதால், பலகையை நின்ற இடத்திலேயே சுழற்றி ஊசிமுனை மாதிரி ஒரு மூலையை எடுத்துவிடலாம். பெரிய ரம்பங்கள் எவையும் இந்த வேலைக்குப் பக்கத்தில்கூட வர முடியாது.

வீட்டில் பிள்ளைகள் தரையில் பரப்பி வைத்துச் சேர்க்கிறார்களே ஜிக்சா புதிர், அது பிறந்ததே இப்படிப்பட்ட மெல்லிய ரம்பத்தில்தான் என்று தெரியுமா? 1760-களில் லண்டனில் ஜான் ஸ்பில்ஸ்பரி என்ற வரைபடக்காரர் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடுகளின் எல்லைக்கோட்டிலேயே ரம்பத்தை ஓட்டினார். துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்தே பிள்ளைகள் பூகோளம் படித்தார்கள்! இன்னும் கேளுங்கள். 1909-இல் அமெரிக்காவின் சேலம் நகரத்தில் பார்க்கர் பிரதர்ஸ் கம்பெனி மற்ற விளையாட்டுகளின் தயாரிப்பையே நிறுத்திவிட்டு, தொழிற்சாலை முழுவதையும் மரப் புதிர் வெட்டுவதற்கு ஒதுக்கியது. வெட்டியவர்கள் பெண்கள். ஒருவருக்கு ஒரு நாள் கணக்கு 1,400 துண்டுகள்! அச்சு வைத்து அடித்த துண்டுகள் அல்ல, ஒவ்வொன்றும் விரலால் திருப்பி வெட்டியது. அந்தக் கைகளை நினைத்தாலே கும்பிடத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் மார்த்தாஸ் வின்யார்டு என்ற தீவில் ஓக் பிளஃப்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 300-க்கும் மேற்பட்ட குட்டி மரவீடுகளின் கூரை ஓரத்திலும் தாழ்வாரத்திலும் மரச் சரிகை தொங்குகிறது. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்க்ரோல் சா மெஷின் பரவியதால்தான் சாதாரண வீட்டுக்கும் இந்த அலங்காரம் கட்டுப்படியானது. அதே காலத்தில் சைக்கிள் மாதிரி மிதித்து ஓட்டும் ஸ்க்ரோல் சாவைக்கூட விற்றார்கள்! இங்கிலாந்தில் 1895-இல் ‘ஹாபீஸ் வீக்லி’ என்று ஒரு வாரப் பத்திரிகை தொடங்கி, ரம்பத்தால் வெட்டுவதற்கான டிசைன் தாளை இலவசமாகவே கொடுத்தது. கரண்ட் இல்லாத வீட்டில், சமையலறை மேசையில் உட்கார்ந்து படச் சட்டமும் கடிகாரப் பெட்டியும் செய்தார்கள்.

சரி, நமக்கு வருவோம். ஆரம்பிக்க என்ன மெஷின் வாங்குவது? கடையில் கேட்டால் கையில் பிடித்து ஓட்டும் ஜிக்சாவை எடுத்து நீட்டக்கூடும். அது வேறு சாமான். நமக்கு வேண்டியது மேசையோடு வருவது. அதில் ‘16 இஞ்ச்’ என்று போட்டிருப்பது பிளேடிலிருந்து பின்பக்கத் தூண் வரை உள்ள இடைவெளி. 16 அங்குல மெஷினில் 32 அங்குல அகலப் பலகையின் நட்டநடுவைக்கூடத் தொடலாம்! இதைவிட முக்கியமானது பிளேடைப் பிடிக்கிற விதம். முனையில் குறுக்கே ஊசி வைத்த பிளேடு மட்டும்தான் மாட்டும் என்றால், உள்வேலைக்குப் பெரிய ஓட்டை போட வேண்டியிருக்கும், நுணுக்கம் போச்சு. ஊசியில்லாத வெறும் பிளேடையும் பிடிக்கிற மெஷினாகப் பார்த்து வாங்குங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதியும் இருக்கட்டும். மெஷினுக்குக் காசு சேரவில்லையா? கையால் அறுக்கிற ஃப்ரெட் சாவுக்கும் பெரும்பாலும் இதே ஐந்தங்குல பிளேடுதான்! நடுவே V வடிவத்தில் வெட்டிய ஒரு பலகையை மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதும், வேலையை ஆரம்பித்துவிடலாம்.

இனி சொல்லப்போவதைக் கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். புதிதாக ஆரம்பிப்பவர் கோட்டின் மேலேயே நேராகத் தள்ளுவார். பிளேடோ ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். ‘எனக்குக் கை வரவில்லை’ என்று மனசு விட்டுப்போகும். கையில் குற்றமே இல்லை! பல பிளேடுகளைத் தகட்டிலிருந்து பல் வெட்டித் தயாரிக்கும்போது ஒரு பக்கத்தில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத பிசிறு நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் கூராக இருப்பதால் பிளேடு அங்கேயே சாயும். பழகியவர்கள் பலகையைச் சில டிகிரி கோணலாகப் பிடித்துத் தள்ளுவார்கள், கோடு தானாக நேராக வரும். எந்தக் கோணம் என்பதைக் கழிவுப் பலகை ஒன்றே காட்டிக்கொடுக்கும். அதைத் தெரிந்துகொண்ட பிறகு பாருங்கள், உங்கள் கை உங்கள் பேச்சைக் கேட்கும்.

இன்னொரு தலைகீழ் சேதி! மெல்லிய பலகைதான் சுலபம் என்று 3 மில்லிமீட்டர் பிளைவுட்டில் ஆரம்பிக்கிறார்கள் அல்லவா? அதில் பிளேடு எதிர்ப்பே இல்லாமல் பாய்ந்து கோட்டைத் தாண்டிவிடும். முக்கால் அங்குலத் தடிமனில் பைன் மரம் எடுங்கள். 5-ஆம் நம்பர் பிளேடு மெதுவாக நகரும், யோசிக்க நேரம் கிடைக்கும். நம்ம ஊர் தேக்கில் பழகலாமா? அதில் மணலில் இருக்கிற சிலிகா இருப்பதால் பிளேடின் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். பிளைவுட்டின் பசையும் அதே வேலையைச் செய்யும். பிளேடை டஜன் கணக்கில் வாங்கி வைத்துக்கொள்வதுதான் சரி. மழுங்கிய பிளேடோடு மல்லுக்கட்டினால் மரம் கருகும், விரலும் நோகும்.

மரம் கருகாமல் இருக்க ஒரு வித்தை இருக்கிறது. டிசைன் தாளின் மேல் பார்சல் ஒட்டுகிற கண்ணாடி டேப்பை ஒட்டிவிட்டு அறுத்துப் பாருங்கள், விளிம்பில் கருகல் வெகுவாகக் குறைந்துவிடும்! டேப் சுருளாக இருக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அதன் முதுகில் வழுக்கும் பூச்சு ஒன்று இருக்கிறது. அதுதான் பிளேடுக்கு எண்ணெய் போடுகிறது என்பது பழகியவர்கள் சொல்லும் காரணம்.

சரிகை வேலை எப்படி நடக்கிறது என்று அருகில் போய்ப் பார்த்திருக்கிறீர்களா? வெளிவிளிம்பைத் தொடாமல் நடுவில் மட்டும் ஓட்டை விழ வேண்டும். அதற்கு முதலில் இரண்டு மில்லிமீட்டர் டிரில்லால் ஒரு துளை. பிளேடின் மேல்முனையைக் கழற்றி, பலகையை மேலிருந்து இறக்கி, பிளேடைத் துளை வழியாக நுழைத்து, மறுபடி மாட்டி இறுக்க வேண்டும். பல் கீழ்நோக்கி இருக்கிறதா என்று பார்க்க விரலை மெல்ல மேல்நோக்கித் தடவுங்கள், சொரசொரவென்று மாட்டினால் சரி. பிறகு பிளேடைச் சுண்டிப் பாருங்கள். ‘டிங்’ என்று தெளிவாகப் பாட வேண்டும்! மந்தமாகச் சத்தம் வந்தால் இறுக்கம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு துண்டு விழுந்ததும் கழற்றி அடுத்த துளைக்கு. பெரிய டிசைனில் இப்படி நூற்றுக்கணக்கான துளைகள்! இதில் கிடைக்கிற நிதானம் வேறு எங்கும் கிடைக்காது என்று நான் அடித்துச் சொல்வேன்.

பதினான்காம் லூயி மன்னர் காலத்து ஆந்த்ரே ஷார்ல் பூல் தெரியுமா? 1672-இல் பாரிஸின் லூவர் அரண்மனையிலேயே இடம் பெற்ற மர வேலைக்காரர். பித்தளைத் தகட்டையும் ஆமை ஓட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒரே தடவையில் அறுத்தார். ஓட்டில் பித்தளைப் பூ ஒரு ஜோடி, பித்தளையில் ஓட்டுப் பூ இன்னொரு ஜோடி. ஒரே உழைப்பில் இரண்டு அலமாரிக்கு அலங்காரம்! அதே உத்தியை இன்று இரண்டு நிற மரங்களில் நீங்களும் செய்யலாம். மேசையைச் சில டிகிரி மட்டும் சாய்த்து அறுத்தால், ஒரு பலகையின் துண்டு மற்றொன்றின் ஓட்டையில் கச்சிதமாக இறங்கி, பிளேடு போன இடைவெளியே தெரியாமல் அடைந்துவிடும்.

மேசையைச் சாய்ப்பதில் இன்னும் பெரிய அதிசயம் ஒளிந்திருக்கிறது. தட்டையான ஒரே பலகையிலிருந்து கிண்ணம் செய்யலாம், தெரியுமா? சாய்த்தபடி வட்டத்துக்குள் வட்டமாக அறுத்து, வளையங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் ஆழமான கிண்ணம் நிற்கும். ஒட்டவே வேண்டாம் என்றால் சுருள் சுருளாக ஒரே கீறல் போடுங்கள். பலகை கீழே தொங்கி இறங்கி, சாய்ந்த விளிம்பு தன்னைத்தானே பூட்டிக்கொண்டு கூடையாகிவிடும். மடக்கினால் மறுபடி பலகை!

ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். இந்த ரம்பம் உதிர்க்கிற தூள் மாவைவிட மெல்லியது. மரத்தூளை 1995-இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. நல்ல மாஸ்க், கண்ணாடி, காற்றோட்டம் மூன்றும் இல்லாமல் சுவிட்சைத் தொடவே தொடாதீர்கள்.

சதுரங்கக் காயைக்கூட இந்த ரம்பத்தில் எடுக்கலாம் தெரியுமா? நீளமான மரத்துண்டின் அடுத்தடுத்த இரண்டு முகத்திலும் டிசைனை ஒட்டுங்கள். முதல் முகத்தை அறுத்ததும் கழிவை எடுக்காமல் டேப் போட்டு அப்படியே கட்டிவிட்டு, துண்டை 90 டிகிரி திருப்பி இரண்டாவது முகத்தையும் அறுங்கள். டேப்பைப் பிரித்தால் கழிவெல்லாம் உதிர்ந்து உள்ளிருந்து நாலாபுறமும் வடிவம் கொண்ட ராணி வெளியே வருவாள்! ஒரு செட்டுக்கு 32 காய்கள், காய்க்கு இரண்டு முகம். கூட்டினால் 64 அறுப்பு. சதுரங்கப் பலகையில் எத்தனை கட்டமோ, அத்தனை!