கர்ப்பப்பையில் நீர்க்கட்டி: கத்தி வைக்க அவசரம் வேண்டாம்

குழந்தையின் வளர்ச்சியைப் பார்க்க எடுத்த ஸ்கேனில், கர்ப்பப்பைச் சுவரில் நீர்க்கட்டி என்று ஒரு வரி வந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. கர்ப்பகாலத்தில் சினைப்பையில் நீர்க்கட்டி தெரிவது சகஜம். பெரும்பாலும் நான்கு மாதத்துக்குள் அது தானே வற்றிவிடும். கர்ப்பப்பையின் தசைக்குள் தெரிவதுதான் அபூர்வம். அபூர்வம் என்றதும் ஆபத்து என்று மனம் முடிவுகட்டி, உடனே எடுத்துவிடலாமே என்று கேட்கிறது. கட்டியின் அடையாளங்கள் நல்லபடியாக இருந்தால், பிரசவம் முடியும்வரை அதைத் தொடாமல் கண்காணிப்பதே சரி என்பது என் உறுதியான கருத்து.

இவை உருவாகும் விதமே பாதி பயத்தைப் போக்கிவிடும். தாய் வயிற்றில் பெண் சிசு உருவாகும்போது மறைந்துவிட வேண்டிய வோல்ஃபியன் நாளத்தின் மிச்சம் எங்காவது தங்கி நீர் கோத்துக்கொள்ளலாம். நார்க்கட்டி ஒன்று ரத்தம் போதாமல் உள்ளே கரைந்து நீர்ப்பையாகலாம். கர்ப்பப்பையின் உட்படலம் தசைக்குள் ஊடுருவிய இடத்தில் பழைய ரத்தம் தேங்கலாம். இவை எதுவும் புற்றுநோய் அல்ல. நீரையும் திடப்பொருளையும் பிரித்துக் காட்டுவதில் ஸ்கேன் கெட்டிக்காரக் கருவி. 1958-இல் கிளாஸ்கோ மருத்துவர் இயான் டொனால்டு 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரை இந்தத் திறனைத்தான் முன்வைத்தது: தீராத புற்றுநோய் என்று கருதப்பட்ட ஒரு பெண்ணுக்கு இருந்தது சினைப்பை நீர்க்கட்டி என்று கருவி காட்டியது, அதை அகற்றியதும் அவர் குணமடைந்தார். மெல்லிய வழவழப்பான சுவர், உள்ளே தெளிந்த நீர், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் ஓட்டமின்மை ஆகிய மூன்றும் சேர்ந்தால் தைரியமாகக் காத்திருக்கலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆரம்ப மாதங்களில் கர்ப்பப்பையின் மூலையிலோ பழைய சிசேரியன் தழும்பிலோ தெரியும் நீர்ப்பை, இடம் மாறித் தங்கிய கருவாக இருக்கக்கூடும். அங்கே தாமதம் உயிருக்கே ஆபத்து.

புற்றாக இருந்துவிட்டால் என்ற கேள்வி நியாயமானது. உள்ளே திடமான முடிச்சும் அதில் ரத்த ஓட்டமும் தெரிந்தாலோ, கட்டி வேகமாக வளர்ந்தாலோ, சாய மருந்து செலுத்தாத எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கலாம். புற்றின் அறிகுறியாகப் பார்க்கப்படும் சிஏ-125 ரத்தப் பரிசோதனையை மட்டும் நம்பிப் பதற வேண்டாம். கர்ப்பத்தாலேயே அது உயரும். சிசேரியனில்தான் வயிற்றைத் திறக்கிறார்களே, அப்போதே எடுத்தால் என்ன என்றும் கேட்பார்கள். சாதாரணமாக நிமிடத்துக்குச் சுமார் 50 மில்லிலிட்டர் ரத்தம் ஓடும் கர்ப்பப்பையில் நிறைமாதத்தில் 500 முதல் 700 மில்லிலிட்டர் ஓடுகிறது. அந்தத் தசையைத் தேவையின்றி அறுப்பது பெரும் ரத்தப்போக்கை வலிய அழைப்பதாகும். வெளிப்புறம் காம்பில் தொங்கும் கட்டியை எடுப்பது எளிது; எடுத்தால் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கர்ப்பம் பாதியில் இருக்கும்போது அறுத்தால் இன்னும் மோசம்: தையல் போட்ட சுவர் குழந்தைக்காக மேலும் விரிய வேண்டியிருக்கும், பிரசவ வலி முன்கூட்டியே வரவும் கூடும்.

கண்காணிப்பு என்பது சும்மா இருப்பதல்ல. அடுத்தடுத்த ஸ்கேன்களில் அளவை ஒப்பிட வேண்டும். கட்டி கீழே இறங்கிக் குழந்தையின் தலைக்கு வழிமறித்தால் பிரசவ முறையையே மாற்ற வேண்டிவரும். திடீர் வயிற்றுவலி, காய்ச்சல், ரத்தப்போக்கு எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரசவமாகிக் கர்ப்பப்பை சுருங்கியபின் எடுக்கும் ஸ்கேன்தான் சிகிச்சை தேவையா என்பதைச் சொல்லும். குழந்தை கைக்கு வந்த மகிழ்ச்சியில் பலர் தவறவிடுவதும் அதைத்தான்.