தோள்வலியும் கழுத்துவலியும் தீர எளிய யோகப் பயிற்சிகள்

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் வாக்கு. உடல் என்னும் அச்சுவரில் நாம் மிகுதியாகச் சுமை ஏற்றுவது கழுத்திலும் தோளிலுமேயாம். ஆயினும் வலி முற்றிக் கை தூக்க இயலாத நிலை வரும்வரை அவற்றை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

சென்ற தீபாவளிக்கு முன் மாணவர் சிலருடன் படகேறிப் பினாங்குக்குச் சென்றிருந்தோம். ஜார்ஜ் டவுனில் நம்மவர் கடைத்தெரு என்றழைக்கும் லிட்டில் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தோம். குயின் ஸ்திரீட்டில் 1833-ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயத்தில் வழிபட்டபின், பூக்கடை ஒன்றின் முன் நின்றோம். அங்கே மாலை தொடுத்துக்கொண்டிருந்த அம்மையார், நாரை முடிந்து வைத்துவிட்டு, விரல்களைத் தோள்மேல் வைத்து முழங்கைகளைப் பின்னோக்கி மெல்லச் சுழற்றலானார். பிள்ளைகள் சிரித்தனர். அவரும் சிரித்தபடி, "தம்பி, நாள் முழுதும் குனிந்தே கட்டுகிறேன். நடுநடுவே இப்படிச் சுற்றாவிட்டால் இரவில் தலையணையில் தலை வைக்க முடியாது" என்றார்.

அச்சொல் நம் நெஞ்சில் தைத்தது. நம் மாணவி ஒருத்தியின் தாயார் தோட்டத்தில் உழைப்பவர். தோள்வலி மிகுந்து, மகளுக்குத் தலை பின்னிவிடக்கூடக் கையை உயர்த்த இயலாமற் போயிற்று. அச்சிறுமி சில மாதங்கள் தானே கோணலாகப் பின்னிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். தைலம் தேய்த்துக்கொண்டு வேலைக்குப் போவதைத் தவிர வேறு வழி அத்தாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. அவரைப் போன்றோருக்கு உதவும் என்னும் நோக்குடனேயே இக்கட்டுரையை எழுதுகின்றோம்.

வலி ஏன் வருகிறது?

மனிதனின் தலை ஏறத்தாழ 5 கிலோ எடையுள்ளது. கழுத்திலுள்ள 7 முள்ளெலும்புகளும் அவற்றைச் சூழ்ந்த தசைகளும் அதைத் தாங்குகின்றன. தலை நிமிர்ந்திருக்கும்போது பாரம் எலும்புகளின் வழியே நேராக இறங்கும். தலை முன்னே சாய்ந்தால், அது கீழே விழாதபடி பின்கழுத்துத் தசைகள் இழுத்துப் பிடிக்க வேண்டும். நீட்டிய கையில் வாளியைத் தூக்குவது, உடலோடு ஒட்டித் தூக்குவதைவிடக் கடினமாயிருப்பதும் இதனால்தான். தலையை 60 பாகை குனிந்தால் கழுத்தின்மீது விழும் விசை ஏறத்தாழ 27 கிலோவுக்குச் சமமாகும் என்று அமெரிக்க முதுகெலும்பு மருத்துவர் ஒருவர் 2014-இல் கணக்கிட்டு வெளியிட்டார். கைத்தொலைபேசியைக் குனிந்து பார்க்கும் இளைஞர் இதனைக் கருதுக.

பால்மரம் வெட்டுவோர் விடியுமுன்னே தொடங்கி மரத்துக்கு மரம் குனிந்தும் நிமிர்ந்தும் கத்தி இழுக்கின்றனர். பின் பால் நிறைந்த வாளிகளைச் சுமக்கின்றனர். செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுவோரோ, நீண்ட கழியில் பூட்டிய அரிவாளை உயர்த்தி, அண்ணாந்தபடியே வேலை செய்கின்றனர். தையற்காரர், பொற்கொல்லர், கணக்கெழுதுவோர் ஆகியோர் மணிக்கணக்கில் குனிந்திருக்கின்றனர். ஒரே நிலையில் நெடுநேரம் இறுகிய தசை ஓய்வின்றிக் களைத்து வலிக்கிறது. வலிக்கு அஞ்சி அசையாதிருந்தால் இறுக்கம் மேலும் கூடுகிறது. மென்மையான அசைவே இதற்கு முதல் மருந்து.

தோட்ட மருத்துவர் ஒருவர்

யோகம் முனிவர்க்கே உரியது, உழைப்பாளிக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். நெல்லைச் சீமையின் பத்தமடையில் 1887-இல் பிறந்த குப்புசாமி என்பார் 1913-இல் மலாயாவுக்கு வந்து, சிரம்பான் அருகே ரப்பர்த் தோட்ட மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினார். பின்னர் ஜோகூரிலும் பணிபுரிந்தார். அங்கே நம் தோட்ட மக்களின் நோய்களைக் கண்டு மருந்தளித்தார். 1923-இல் இந்தியா திரும்பினார்; பின்னர்த் துறவு பூண்டார். உலகெங்கும் யோகத்தைப் பரப்பிய சுவாமி சிவானந்தர் அவரே. 1936-இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார்.

சென்னையில் வாழ்ந்த யோகாசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், ஆசனத்துக்கேற்ப மனிதனை வளைத்தல் கூடாது, மனிதனுக்கேற்ப ஆசனத்தை மாற்றிக்கொள்ள வேண்டும் என்னும் முறையில் நோயாளிகளுக்குக் கற்பித்தார். அவர் மாணவர் பி. கே. எஸ். ஐயங்கார், நாற்காலி, கம்பளி, வார் முதலியவற்றைத் துணையாகக்கொள்ளும் முறையைப் புகழ்பெறச் செய்தார். அம்முறையை ஜெர்மனியில் நாட்பட்ட கழுத்துவலி உடையோரிடம் 9 வாரம் ஆராய்ந்து 2013-இல் முடிவை வெளியிட்டனர். நூலைப் பார்த்து வீட்டிலேயே உடற்பயிற்சி செய்தோரைவிட யோகம் பயின்றோர்க்கு வலி குறைந்திருந்தது.

பயிற்சி முறை

காலையில் வேலைக்குச் செல்லுமுன்னோ, மாலையில் குளித்தபின்னோ, வெறும் வயிற்றில் 15 நிமிடம் ஒதுக்குக. பாய் ஒன்று போதும். மூச்சை மூக்கின் வழியே விடுக, அடக்க வேண்டா.

முதலாவது, தோள் உயர்த்தல். நிமிர்ந்து அமர்ந்து, மூச்சை இழுக்கும்போது இரு தோள்களையும் காதை நோக்கி உயர்த்துக. மூச்சை விடும்போது மெல்லத் தாழ்த்துக. 5 முறை செய்க.

இரண்டாவது, தோள் சுழற்றல். பூக்கடை அம்மையார் செய்தது இதுவே. பின்னோக்கி 5 முறையும் முன்னோக்கி 5 முறையும் சுழற்றுக.

மூன்றாவது, கழுத்துப் பயிற்சி. வலக்காதை வலத்தோளின்பால் சாய்த்து 3 மூச்சு நிற்க; பின் இடப்புறம். அடுத்து முகத்தை வலமும் இடமும் மெல்லத் திருப்புக. தலையை வட்டமாகச் சுழற்றுதலும் பின்னே முழுதும் தொங்கவிடுதலும் கூடா.

நான்காவது, மார்ஜாரி ஆசனம். கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் பூனைபோல் நிற்க. மூச்சை இழுக்கும்போது நெஞ்சை விரித்து முன்னே நோக்குக. விடும்போது முதுகை வில்போல் மேலே வளைத்துத் தலையைத் தாழ்த்துக. 6 முறை.

ஐந்தாவது, எளிய புஜங்காசனம். குப்புறப் படுத்து முன்கைகளைத் தரையில் ஊன்றி, நெஞ்சை மட்டும் சற்றே உயர்த்துக. 3 மூச்சு போதும். நாள் முழுதும் முன்வளைந்த முதுகுக்கு இது மாற்று.

ஆறாவது, பாலாசனம். மண்டியிட்டுக் குதிகால்மேல் அமர்ந்து, நெற்றியைத் தரையில் அல்லது தலையணையில் வைத்து இளைப்பாறுக.

இறுதியில் சவாசனம். மல்லாந்து படுத்து, கழுத்தின்கீழ் மடித்த துண்டு வைத்து, 5 நிமிடம் கண்மூடிக் கிடக்க. இதனைத் தவிர்த்துவிட்டு எழுந்தோடுதல் தகாது.

இழுப்பு இனிதாயிருக்கலாம், குத்தல் தோன்றின் உடனே நிறுத்துக. கழுத்துவலி உள்ளோர் சிரசாசனம், சர்வாங்காசனம், ஹலாசனம் ஆகியவற்றைச் செய்யலாகாது. கருவுற்றோரும் அறுவை சிகிச்சை செய்துகொண்டோரும் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

எச்சரிக்கை

எல்லா வலிக்கும் ஆசனம் மருந்தன்று. கை மரத்துப்போதல், பிடி தளர்தல், காய்ச்சல், விழுந்து அடிபட்டபின் வந்த வலி ஆகியவை இருப்பின் மருத்துவமனைக்குச் செல்க. நெஞ்சு இறுகி, வியர்த்து, இடத்தோளுக்கோ தாடைக்கோ வலி பரவினால் அது மாரடைப்பாக இருக்கலாம். நொடியும் தாழ்த்தாது மருத்துவ உதவி நாடுக.

வேலையால் உண்டான காயத்துக்கும் நோய்க்கும் உதவ, 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சொக்சோ உள்ளது. வலியை மறைத்து உழைப்பது பெருமையன்று. மேலாளரிடம் தெரிவிப்பதும் மருத்துவச் சான்று பெறுவதும் தொழிலாளியின் உரிமை. சுமையைக் குறைக்காமல் ஆசனம் மட்டும் செய்வது, ஒழுகும் கூரையை விட்டுவிட்டுத் தரையைத் துடைப்பதற்கு ஒப்பாகும்.

மாணவச் செல்வங்களே! உங்கள் புத்தகப் பையின் எடை உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. 30 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு 3 கிலோ. அன்றைய பாடநூல்களை மட்டும் எடுத்து, இரு தோளிலும் பையை மாட்டுங்கள். மாலையில் பெற்றோருக்கு இப்பயிற்சிகளைப் படித்துக் காட்டி, அவர்களோடு சேர்ந்து செய்யுங்கள்.

மேற்சொன்ன தாயார் மருத்துவரைக் கண்டபின், இப்பயிற்சிகளை நாள்தோறும் செய்து வருகிறார். தோள்வலி முற்றும் நீங்கியதென்று சொல்வதற்கில்லை. ஆயினும் இப்பொழுது அவர் மகள் நேர்வகிடெடுத்த இரட்டைப் பின்னலோடு பள்ளிக்கு வருகிறாள். அதனைக் காணும்தோறும் நாம் மகிழ்கின்றோம்.