வால் போயிற்று, வழியும் போகலாமா?

"குரங்குதானே!" என்று ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். மரமேறும், கனி தின்னும், பல்லைக் காட்டும், போதாதா, குரங்கு! நம் முன்னோர் அப்படிச் சோம்பிவிடவில்லை. ஆணைக் கடுவன் என்றனர். பெண்ணை மந்தி என்றனர். கருமுகத்ததை முசு என்றனர். கண்டதற்கெல்லாம் பெயர் தந்தனர். கொரில்லாவையும் சிம்பன்சியையும் ஒராங்குட்டானையும் கிப்பனையும் அவர்கள் காட்டில் கண்டதில்லை. ஆகவேதான், இருப்பதைச் சொல்லாமல் இல்லாததைச் சொல்லி, 'வாலில்லாக் குரங்கு' என்று நாம் அழைக்கிறோம்.

வால் ஒன்றுதான் வேறுபாடோ? அசாம் மாநிலத்து ஜோர்ஹாட் மாவட்டத்திலே விடை இருக்கிறது. ஹோலோங்காபார் என்றொரு காடு. பரப்பு ஏறத்தாழ 21 சதுர கிலோமீட்டர். அதற்குள் ஏழு இனங்கள்! இரவில் விழித்திருக்கும் தேவாங்கு ஒன்று. மக்காக் குரங்குகள் நான்கு வகை. குல்லாய் கவிழ்த்தாற்போன்ற தலைமயிருடன் இலை தின்னும் குரங்கு ஒன்று. ஏழாவது, ஹூலக் கிப்பன். இந்தியக் காடுகளில் வாழும் வாலில்லாக் குரங்கு கிப்பன் மட்டுமே.

அந்த நான்கு மக்காக்குகளில் ஒன்றுக்கு வால் இருந்தும் இல்லாதது போல, வெறும் குட்டை. அதனால் அது கிப்பனின் இனமாகிவிடுமா? ஆகாது! வாலை விடுங்கள், தோளைப் பாருங்கள். குரங்கு கிளையின் மேலே நான்கு காலால் நடப்பது. அதன் மார்பு ஒடுங்கியது. கிப்பன் கிளையின் கீழே தொங்கிச் செல்வது. மார்பு அகன்றது, தோள் நாற்புறமும் சுழல்வது, கை காலினும் நீண்டது. நாம் கையைத் தலைக்குமேல் உயர்த்தி முழங்குகிறோமே, அந்தத் தோளும் இந்தக் குடும்பத்துச் சொத்துத்தான். மனிதனும் இந்தக் கிளையில் வந்தவனே! சுமார் 2 கோடியே 50 லட்சம் ஆண்டுகளுக்கு முன், மரபணு ஒன்றில் புகுந்த சிறு துண்டே நம் குலத்தின் வாலைப் போக்கியிருக்கக்கூடும் என்று 2024ல் 'நேச்சர்' ஏட்டில் ஆய்வாளர்கள் எழுதினர்.

தொட்டிலிலும் வேறுபாடு உண்டு. மக்காக் ஆண்டுக்கொரு குட்டிகூட ஈனும். கிப்பன் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒன்றுதான் ஈனும். சுமத்திராவின் ஒராங்குட்டானோ ஏழெட்டு ஆண்டுக்கு ஒன்று! பிள்ளையை நெடுநாள் வளர்த்து, நெடுநாள் பழக்கும் குலம் இது. இழப்பு எளிது, ஈடு அரிது.

இதெல்லாம் விலங்கியல் பாடமல்லவா, நமக்கென்ன என்பீர்களோ? கேளுங்கள். அதே ஹோலோங்காபார் காட்டை ரயில் பாதை ஒன்று, வெள்ளையர் காலத்திலிருந்தே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். மக்காக் தரையில் இறங்கும், தண்டவாளத்தைத் தாண்டும், அக்கரை போகும். கிப்பன் போகாது. கிளையோடு கிளை கைகோத்து நின்றால்தான் அதற்குப் பாதை; கிளை முடிந்த இடத்தில் அதன் உலகமும் முடிந்தது. எந்தத் தோள் அதனை மரவுச்சியின் மன்னனாக்கியதோ, அந்தத் தோளே அதனைச் சிறைக் கைதியுமாக்கிவிட்டது! இந்தப் பக்கத்துக் குடும்பம் அந்தப் பக்கத்துத் துணையைத் தேட முடியாது. உறவு சுருங்கும், இரத்தம் மெலியும்.

இந்திய வனவிலங்கு நிறுவனத்து ஆய்வாளர்கள் 2023ல், தண்டவாளத்தையே வேறு வழியில் திருப்புக என்றனர். இருபுறமும் மரம் வளர்த்துக் கிளைகளைக் கூட்டுவதும், கயிற்றுப் பாலம் கட்டுவதும் வேறு வழிகள். முடியாத காரியமா? மலையைக் குடைந்து ரயில் விட்ட நாடு இது. ஒரு காட்டைச் சுற்றிப்போகத் தெரியாதா?

"குரங்குதானே, எங்கும் பிழைக்கும்" என்று கோப்பில் எழுதும் அதிகாரி, எந்தக் குரங்கு என்று முதலில் கேட்கட்டும். மக்காக்குக்குப் பொருந்தும் தீர்ப்பைக் கிப்பன்மீது எழுதினால், அது மரண தண்டனை. வேறுபாட்டை அறிவது உயர்வு தாழ்வு பேச அல்ல. யாருக்கு என்ன வழி வேண்டும் என்று அறிந்து, அந்த வழியைத் திறந்துவிடவே!