‘கேபிள்’ இல்லாதவன் எங்கே போவான்?

டிப்ளோமா கடைசித் தவணையில் தொழிற்பயிற்சி கேட்டுப் பதினொரு நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினேன். நிபோங் திபாலில் இருக்கும் எங்களுக்குப் பத்து காவான் தொழிற்பேட்டை பக்கம்தான். ஆனாலும் ஓரிடத்திலிருந்தும் பதில் வரவில்லை. ஒரு கல்யாண விருந்தில் அம்மா இதைச் சொல்லி வருத்தப்பட, உறவுக்கார மாமா ஒருவர் கைப்பேசியை எடுத்தார். “பேரை மட்டும் அனுப்புய்யா, நான் சொல்லிடறேன்” என்றார். மூன்றாம் நாள் அவர் வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. நேர்முகத் தேர்வு ஐந்தே நிமிடத்தில் முடிந்தது.

என் வகுப்பு நண்பனும் அதே இடத்துக்கு விண்ணப்பித்திருந்தான் என்று பிறகுதான் தெரிந்தது. அவனுடைய சிஜிபிஏ என்னுடையதைவிட அதிகம். அவன் அப்பா செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறார். அவனுக்காகக் கைப்பேசியை எடுக்க ஆளில்லை. “உனக்கு எப்படிடா கிடைச்சது?” என்று கேட்டான். “லக்குடா” என்றேன்.

இந்த ‘லக்’குக்கு நம் நாட்டில் ‘கேபிள்’ என்று பெயர். ஒரு வெள்ளிகூட கைமாறாததால் யாருக்கும் குற்ற உணர்வு வருவதில்லை. ஆனால், சட்டம் பணத்தை மட்டும் பார்ப்பதில்லை. 2009ஆம் ஆண்டு மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், வேலையையும் பதவியையும்கூட கையூட்டு என்ற சொல்லுக்குள் சேர்க்கிறது. அரசுப் பணியில் இருப்பவர் தம் பதவியைப் பயன்படுத்தி உறவினருக்கு அப்படியொரு பலனைப் பெற்றுத் தந்தால், 23ஆவது பிரிவின்கீழ் அது குற்றம். 20 ஆண்டுவரை சிறை விதிக்கலாம். தனியார் நிறுவனத்தில் இருக்கும் என் மாமாவை இந்தப் பிரிவு தொடாது. ஆனால், என் நண்பன் இழந்தது இழந்ததுதான்.

பணக்கார நாடுகளில் இதெல்லாம் இல்லை என்று நினைக்காதீர்கள். சுவீடனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் உதவித்தொகைக்கு ஆள் தேர்ந்தெடுத்த விதத்தை வென்னெராஸ், வோல்ட் என்ற இரு பெண் அறிவியலாளர்கள் ஆராய்ந்து, 1997இல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். தேர்வுக் குழுவில் தெரிந்தவர் இருந்த விண்ணப்பதாரர்களுக்குக் கூடுதல் புள்ளிகள் கிடைத்திருந்தன. அந்தத் தெரிந்தவர் புள்ளி போட அனுமதிக்கப்படவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் அவருக்காகப் போட்டுவிட்டார்கள்! லஞ்சம் இல்லை, மிரட்டல் இல்லை, வெறும் நட்புதான்.

தென்கொரியாவில் 2016 செப்டம்பர் 28ஆம் தேதி நடைமுறைக்கு வந்த சட்டம், பணம் கைமாறாவிட்டாலும் அரசு ஊழியர்களிடமும் ஆசிரியர்களிடமும் முறையற்ற சிபாரிசு செய்வதைத் தடை செய்கிறது.

அப்படியானால் யாரிடமும் உதவியே கேட்கக் கூடாதா? கேட்கலாம். அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர், பலருக்கு வேலை பற்றிய தகவல் நெருங்கிய நண்பர்களைவிட, எப்போதாவது சந்திக்கும் அறிமுகமானவர்கள் வழியாகவே கிடைக்கிறது என்று 1973லேயே எழுதினார். “அங்கே ஆள் எடுக்கிறார்கள், விண்ணப்பம் போடு” என்பது தகவல். “இவனை எடுத்துக்கொள்” என்பது வேறு. முதலாவது கதவு எங்கே இருக்கிறது என்று காட்டுகிறது. இரண்டாவது, அடுத்தவன் முகத்தில் கதவைச் சாத்துகிறது.

மாணவர்களே, நம் சமுதாயத்தில் மாமா இல்லாத பிள்ளைகள்தாம் அதிகம். தோட்டத்திலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவனுக்குத் தன் மதிப்பெண்தான் கேபிள். அதையும் நாம் செல்லாக்காசாக்கிவிட்டால், “படித்தால் முன்னேறலாம்” என்று அவனிடம் எந்த முகத்தோடு சொல்வது?

பயிற்சி முடிவதற்குள் என் நண்பனிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் கொஞ்ச நாள் என்னுடன் பேசவில்லை. அடுத்த முறை அந்த நிறுவனம் பயிற்சியாளர்களை எடுக்கப்போவது தெரிந்ததும், முகவரியையும் கடைசித் தேதியையும் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் போட்டேன். மாமாவிடம் யார் பெயரையும் சொல்லவில்லை.