விளையாட்டு வீரரும் கணுக்காற் சுளுக்கும்

உதைபந்தாட்ட மைதானத்திலே ஒரு மாணவன் பந்தைத் தொடர்ந்து விரைந்து செல்கின்றான். திடீரெனத் திரும்புகையிற் பாதம் உட்புறமாக மடங்க, நிலத்தில் வீழ்கின்றான். ஓரத்தில் நிற்போர் ஓடிவந்து எண்ணெய் தடவி உருவி, துணியாற் சுற்றிக் கட்டி, "ஒன்றுமில்லை, எழும்பி விளையாடு" என்கின்றனர். அவனும் கல்லூரியின் பெயரை எண்ணி நொண்டியபடியே விளையாடுகின்றான், கூட்டம் கைதட்டுகின்றது. இக்காட்சியைக் காணாதார் நம்முள் அரியர். ஆயின், அக்கைதட்டலுக்கு அம்மாணவன் பின்னர் எத்துணை விலை கொடுக்கின்றான் என்பதைச் சிந்திப்போரும் அரியரே. சுளுக்கு என்பது யாது, அது மீண்டும் மீண்டும் வருவதேன், அதனைத் தடுக்கும் வழி எது என்பவற்றை ஈண்டு ஆராய்வாம்.

கணுக்காலின் அமைப்பு

ஒவ்வொரு பாதத்திலும் பொதுவாக 26 என்புகள் உள. கீழ்க்காலின் இரண்டு என்புகளும் தம் கீழ்முனைகளால், பாதத்தின் மேலென்பை இருபுறமும் அணைத்து நிற்கின்றன. அம்முனைகளே நாம் தொட்டறியும் உட்கணுவும் வெளிக்கணுவுமாம். அணைக்கப்பட்ட மேலென்பு முன்புறம் அகன்றும் பின்புறம் ஒடுங்கியும் உள்ளது. பாதம் நிலத்திற் படிந்து முழங்கால் முன்சாயும்போது அகன்ற பாகம் இறுகப் பொருந்தும். குதிகால் உயரும்போது ஒடுங்கிய பாகமே அவ்விடத்து வருதலின் மூட்டுத் தளரும். துள்ளி எழுந்து விரல்முனைகளில் இறங்கும் கரப்பந்தாட்ட வீரரும் வலைப்பந்தாட்ட வீராங்கனையரும் சுளுக்குக்கு எளிதில் ஆளாவதற்கு இஃது ஒரு காரணமாகும்.

மேலும், வெளிக்கணு உட்கணுவினும் கீழிறங்கி நிற்பதனாற் பாதம் வெளிப்புறமாக மடங்குதல் அரிது. உட்புறமாக மடங்குதல் எளிது. உட்பக்கத்து இணைப்புநார் அகன்றது, வலியது. வெளிப்பக்கத்திலோ மெலிந்த மூன்று நார்களே உள. அவற்றுள் முன்னுள்ள நாரே பெரும்பாலும் முதலில் அறுவது. நார் இழுபடுதல், ஒரு பகுதி கிழிதல், முற்றாக அறுதல் எனச் சுளுக்கு மூவகைப்படும்.

மீண்டும் வருவதேன்?

ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் சுளுக்குவதைப் பலரும் கண்டிருப்பர். நார் தளர்ந்தமையே காரணம் என நெடுங்காலம் கருதப்பட்டது. 1965 இல் இங்கிலாந்தின் வைத்தியர் பிறீமனும் அவருடன் ஆய்ந்தோரும் வேறொரு விளக்கம் தந்தனர். இணைப்புநார் வெறுங் கயிறன்று. மூட்டு எந்நிலையில் உள்ளது என்பதை நரம்பு மண்டலத்துக்கு அறிவிக்கும் நரம்பு முனைகள் அதனுள் உள. நார் கிழியும்போது அவையும் சிதைகின்றன. வீக்கமும் நோவும் நீங்கிய பின்னரும் இவ்வுணர்வு குன்றியே இருத்தலால், பாதம் மடங்கத் தொடங்குவதைத் தசைகள் உரிய கணத்தில் அறிந்து தடுப்பதில்லை. பிற்கால ஆராய்ச்சிகள், கணுக்காலின் வெளிப்புறத் தசைகளின் வலிமைக் குறைவு முதலிய வேறு காரணங்களையும் இதனோடு சேர்த்துள்ளன. எனினும், நோவு நீங்குதல் வேறு, குணமடைதல் வேறு என்னும் உண்மை இன்றும் நிலைபெற்றுள்ளது.

உடனே செய்யத்தக்கன

முதற்கண், சுளுக்கியவர் மைதானத்தை விட்டு நீங்குதல் வேண்டும். முதல் இரண்டு மூன்று நாட்களில் உருவுதலும் சூடு கொடுத்தலும் வீக்கத்தை மிகுவிக்கக்கூடும். ஆதலின் அவை விலக்கத்தக்கன. அளவாக இறுக்கிக் கட்டி, காலை உயர்த்தி வைத்தல் நன்று. துணியிற் சுற்றிய பனிக்கட்டியை இருபது நிமிடத்துக்கு மேற்படாது வைப்பின் நோவு தணியும். ஆயின், வாரக்கணக்காகப் படுத்திருத்தலும் தவறே. என்பு முறிவு இல்லாவிடின், நோவு தாங்குமளவு சில நாட்களிலேயே நடக்கத் தொடங்குதல் குணத்தை விரைவுபடுத்தும்.

என்பு முறிந்ததோ என ஐயுற வேண்டிய இடங்களைக் கனடாவின் ஒட்டாவா நகர வைத்தியர்கள் 1992 இல் வகுத்தனர். நான்கு அடிகள் எடுத்து வைக்க இயலாமை. இரு கணுக்களின் பின்விளிம்பிலோ நுனியிலோ, சிறுவிரலோடு தொடர்ந்த பாதவென்பின் அடியிலோ, பாதத்தின் உட்பக்க வளைவின் மேலுள்ள என்பிலோ அழுத்தும்போது நோதல் ஆகிய இவற்றுள் ஒன்று காணப்படினும் எக்ஸ்கதிர்ப் படம் எடுத்தல் வேண்டும். புகழ்பெற்ற என்பு வைத்தியர் றொபேட் யோன்சு நடனமாடுகையிற் குதிகால் உயர்ந்திருக்கப் பாதத்தின் வெளியோரத்தில் ஊன்றியபோது நோவுற்று, தசைநாண் அறுந்ததென்றே முதலில் எண்ணினார். எக்ஸ்கதிர்ப் படமோ சிறுவிரற் பாதவென்பு முறிந்திருப்பதைக் காட்டியது. இதனை அவரே 1902 இல் எழுதி வெளியிட்டார். வல்லுநரே தம் காலில் மயங்கினாரெனின், மைதானத்து ஓரத்தில் நிற்போர் "வெறுஞ் சுளுக்குத்தான்" எனத் துணிவது எங்ஙனம்?

தடுக்கும் வழி

கணுக்காலின் உணர்வைப் பயிற்சியால் மீட்கலாம். ஒற்றைக் காலில் அரை நிமிடம் நிற்றல்; அது கைவந்தபின் கண்களை மூடி நிற்றல்; பின்னர் நின்றபடியே பந்தை எறிந்து பிடித்தல்; இறுதியில் ஒற்றைக் காலில் துள்ளி அசையாது இறங்குதல் என இப்பயிற்சி படிப்படியாக வளரும். விழாமற் காக்கச் சுவரோரத்தில் தொடங்குதல் நன்று. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், ஒல்லாந்துக் கரப்பந்தாட்ட வீரர்களுள் முன்னர்ச் சுளுக்குற்றோர் ஆடும் பலகையில் நின்று இத்தகைய பயிற்சி செய்தமையால் மீண்டும் சுளுக்குதல் குறைந்தது எனக் காணப்பட்டது.

இதனோடு குதிகாலை உயர்த்தித் தாழ்த்திக் கெண்டைத் தசையை வலுப்படுத்தலும், விளையாட்டுக்கு முன் உடலை வெப்பமாக்கும் பயிற்சிகளும், காலுக்குப் பொருந்திய சப்பாத்தும் வேண்டும். மைதானத்துக் குழிகளைப் போட்டிக்கு முன்னரே நிரப்புதல் எளிய செயல். அது பல கால்களைக் காக்கும். சுளுக்கிலிருந்து மீண்டோர் சில மாதங்களுக்குக் கணுக்கால் உறை அணிதல் பயன் தரும். எனினும் உறை பயிற்சிக்குத் துணையேயன்றிப் பதிலாகாது.

மீண்டும் விளையாடத் தகுதியுண்டோ என்பதை நாட்காட்டி கொண்டு அறிதல் கூடாது. நோவின்றி நேராகவும் வளைந்து வளைந்தும் ஓடவும், நலமுள்ள காலிற் போலவே நோயுற்ற காலிலும் துள்ளவும் இயலுமோ எனச் சோதித்தே அறிதல் வேண்டும்.

2004 இல் ஏதென்சு ஒலிம்பிக் போட்டியில் 110 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்திற் பொற்பதக்கம் வென்ற சீன வீரர் லியூ சியாங், 2008 இற் பீச்சிங்கில் தம் நாட்டு மக்கள் கண்ணெதிரே, குதிகாலின் தசைநாண் நோவினால் ஓட்டத்தினின்று விலகினார். உலகப் பேரரங்கில் ஒருவர் விலகலாமெனின், கல்லூரிப் போட்டியில் ஒரு மாணவன் விலகுதல் இழுக்காகாது. கேடயம் அடுத்த ஆண்டும் வரும். அம்மாணவனுக்கோ வாழ்நாள் முழுதும் நடக்க அதே கால்களே உள. "எழும்பி விளையாடு" என்று கூறுமுன், "நான்கு அடி நடந்து காட்டு" என்று கூறப் பழகுவோமாக.