அயல் ஆமையும் ஊர் ஏரியும்

ஐம்பொறிகளை அடக்கி வாழ்வதற்குத் திருவள்ளுவர் காட்டிய உவமை ஆமை. தமிழ்நாட்டு ஏரி குளங்களில் பால் ஆமையும் கறுப்பு ஆமையும் தொன்றுதொட்டு வாழ்ந்துவருகின்றன. நீரில் இறந்து அழுகும் உயிர்களை உண்டு நீர்நிலையைத் தூய்மைப்படுத்துவதில் இவற்றுக்குப் பங்குண்டு. இவற்றின் வாழிடத்தைப் பறிக்கக்கூடிய அயல் ஆமையொன்று, செல்லப்பிராணியாக வீடுகளுக்குள் நுழைந்துள்ளது.

தொட்டியிலிருந்து குளத்திற்கு

கண்ணின் பின்புறம் சிவந்த பட்டை இருப்பதால் இது செங்காது ஆமை எனப்படுகிறது. அமெரிக்காவின் மிசிசிப்பி ஆற்றுப் படுகையும் மெக்சிகோவின் வடபகுதியும் இதன் தாயகம். இந்திய ஆமை வகைகள் பலவற்றின் விற்பனையை 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது. எனவே, வணிகர் அயல் ஆமையை நாடினர். தென்கிழக்காசியாவிலிருந்து கடத்திவரப்பட்ட ஆயிரக்கணக்கான குஞ்சுகளைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறையினர் கைப்பற்றியுள்ளனர்.

விற்கும்போது நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும் குஞ்சு, வளர்ந்தபின் 25 செ.மீ. நீளத்தை எட்டும், 30 ஆண்டுகள்வரை வாழும். கண்ணாடித் தொட்டி போதாமற்போகும்போது, வளர்த்தவர் அதனை அருகிலுள்ள குளத்திலோ கோயில் தெப்பத்திலோ விட்டுவிடுகின்றனர். அதைக் கருணை என்றும் எண்ணுகின்றனர்.

கலங்கல் வழியே

திருவள்ளூர் மாவட்டத்தில் அச்செயலின் விளைவு ஒரு குளத்தோடு நிற்காது. ஓர் ஏரி நிரம்பினால், கலங்கலில் வழியும் நீர் அடுத்த ஏரியைச் சேரும். பூண்டி நீர்த்தேக்கத்தின் நீர் கால்வாய் வழியாகச் சோழவரத்திற்கும் புழலுக்கும் செல்கிறது. கும்மிடிப்பூண்டிக்குத் தெற்கே ஓடும் ஆரணியாறு பழவேற்காடு ஏரியில் கலக்கிறது. தொழிற்பேட்டைக் குடியிருப்பை ஒட்டிய குட்டையில் விடப்படும் ஆமைக்கு, வடகிழக்குப் பருவமழை வெள்ளம் நெடுவழியைத் திறந்துவிடும். தரையில் நடந்து செல்லவும், ஓரளவு உப்பு கலந்த நீரில் பிழைக்கவும் இது வல்லது.

நீர்த்தாவரம், பூச்சி, தலைப்பிரட்டை, சிறுமீன் என அனைத்தும் இதற்கு உணவு. வெயில் காய்ந்தே ஆமைகள் உடல் வெப்பத்தைப் பெறுகின்றன. கரையோரக் கற்களையும் மரக்கட்டைகளையும் அயல் ஆமை பற்றிக்கொண்டால், உள்ளூர் ஆமைக்கு இடமில்லை. உலகின் மிகக் கொடிய 100 அயல் ஊடுருவல் உயிரினங்களின் பட்டியலில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் இதனைச் சேர்த்துள்ளது. இதன் ஓட்டிலும் தோலிலும் தங்கும் சால்மோனெல்லா நுண்ணுயிர் மனிதரையும் தாக்கும். அதனால், 4 அங்குலத்திற்கும் குறைந்த ஓடுடைய ஆமைகளின் விற்பனையை அமெரிக்கா 1975இல் தடைசெய்தது.

காக்கும் வழி

கேரளத்தின் திருச்சூரில் காளத்தோடு கால்வாயில் 2018இல் செங்காது ஆமை காணப்பட்டது. பின்னர், கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் வளர்ப்போரிடமிருந்து இவ்வாமைகளைப் பெற்றுப் பராமரிக்கத் தொடங்கியது. அயல் ஊடுருவல் உயிரினங்களின் இறக்குமதி, வணிகம், வளர்ப்பு ஆகியவற்றைத் தடைசெய்யும் அதிகாரத்தை 2022ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் நடுவண் அரசுக்கு வழங்குகிறது.

எனினும், ஏரியில் பரவிய ஆமைகளை முற்றிலும் பிடித்து அகற்றுவது அரிது. வாங்காமல் இருப்பதே முதற்காப்பு. முன்பே வளர்ப்போர் அதனை இறுதிவரை பேண வேண்டும். இயலாதெனில் வனத்துறையின் வழிகாட்டலை நாட வேண்டும். ஓர் உயிருக்குக் காட்டும் இரக்கம், ஏரியின் பல உயிர்களுக்குக் கேடாகிவிடலாகாது.